ஒரு பந்து, இரண்டு குவாட்டர்பேக்: எப்போது பலம், எப்போது பாரம்?

ஆகஸ்ட் மாதம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பால் பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கும். தாக்கும் அணியை நடத்திப் பந்தை எறிகிற குவாட்டர்பேக் இடத்தில் முதல் ஆள் யார் என்று பயிற்சியாளரிடம் கேட்பார்கள். இருவருமே சமமாக ஆடுகிறார்கள், இருவரையும் களமிறக்குவோம் என்பார் அவர். அன்று மாலையே, தங்கள் பல்கலைக்கழக அணியை விடாமல் பார்க்கும் வாசகர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். இது பலமா, குழப்பமா? ஒருவரையே நம்பி இறங்குவது நல்லதில்லையா?

"இரண்டு குவாட்டர்பேக் இருந்தால் ஒருவரும் இல்லை என்று பொருள்" என்று அந்த ஆட்டத்தில் ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. நான் அதை முழுதாக ஏற்பதில்லை. இரண்டு குவாட்டர்பேக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன: ஒரே வேலையை இருவர் முறைபோட்டுச் செய்யும் சுழற்சி, ஆளுக்கொரு வேலை தரும் வேலைப் பிரிவு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2016 செப்டம்பர் 4 அன்று ஆஸ்டினில் டெக்சஸும் நோட்ர டாமும் மோதியபோது, அந்த இரண்டையும் ஒரே மைதானத்தில் பார்க்க முடிந்தது. நோட்ர டாம் பயிற்சியாளர் பிரையன் கெல்லி, டெஷோன் கைஸர், மலிக் ஸயர் இருவரையும் மாற்றி மாற்றி இறக்கினார். இருவருக்கும் ஒரே வேலை. யார் மேல் என்ற கேள்விக்குத்தான் அங்கே பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். டெக்சஸோ வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தது. புதிதாகச் சேர்ந்த ஷேன் பியூஷலே பந்தை எறிவார். எல்லைக்கோட்டை நெருங்கியதும் ஆள் பருத்த டைரோன் ஸ்வூப்ஸ் உள்ளே வந்து பந்தைச் சுமந்துகொண்டு முட்டுவார். அவருடைய சட்டை எண் 18 என்பதால் அந்த ஏற்பாட்டுக்குப் பதினெட்டுச் சக்கர லாரி என்றே பெயர். இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஸ்வூப்ஸ் ஓடிப் பாய்ந்து எடுத்த டச் டவுனில் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) டெக்சஸ் 50–47 என்று வென்றது.

அந்தப் பருவத்தில் இரண்டு அணிகளுமே தேறவில்லை. டெக்சஸ் 5 வெற்றி, நோட்ர டாம் 4 வெற்றி. ஆகவே ஓர் இரவை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் கெல்லி அந்த ஆட்டத்தோடு சுழற்சியை நிறுத்திவிட்டுக் கைஸரிடமே அணியை ஒப்படைத்தார். டெக்சஸ் லாரியை நிறுத்தவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, பயிற்சி நேரம். பருவம் நடக்கும்போது ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆட்டத்தின் படங்களைப் பார்ப்பது, திட்டம் பேசுவது எல்லாம் அதற்குள்தான். முதல் அணியோடு நின்று ஆடிப் பழகும் வாய்ப்பு அந்த நேரத்தில் எண்ணிக் கொடுத்தாற்போலத்தான் இருக்கும். இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்தால் இருவருமே பாதித் தயாரிப்போடு சனிக்கிழமை களத்துக்கு வருவார்கள்.

இரண்டாவது, கைப்பழக்கம். தொலைக்காட்சியில் இது தெரியாது. ஃப்ளோரிடாவின் டிம் டீபோவும் அலபாமாவின் டுவா டாகோவைலோவாவும் இடக்கைக்காரர்கள். அவர்களோடு இடத்தைப் பகிர்ந்த கிறிஸ் லீக்கும் ஜேலன் ஹர்ட்ஸும் வலக்கைக்காரர்கள். இடக்கையிலிருந்து வரும் பந்து எதிர்ப்பக்கமாகச் சுழன்று வரும். பிடிப்பவரின் விரல் ஒரு சுழற்சிக்குப் பழகியிருக்கும்போது மற்றது வந்தால் பந்து நழுவும். எறிபவருக்குக் கண் எட்டாத முதுகுப் பக்கமும் மாறிவிடும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் காவல் நிற்பவர் முக்கியம்; இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். போதாததற்கு, பந்தைக் கேட்கும் குரலின் தாளம் ஆளுக்கு ஆள் வேறு. முன்வரிசையில் நின்று காக்கும் லைன்மேன் ஒருவர் அந்தத் தாளத்தில் தடுமாறி முன்கூட்டி அசைந்தால் 5 யார்டு போய்விடும்.

மூன்றாவது, துப்பு. ஓடுகிற குவாட்டர்பேக் உள்ளே வந்தால் அடுத்து வருவது ஓட்டம் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடுமா?

நான்காவது, காயம். ஐந்தாவது, இரண்டாம் ஆள் அணியில் தங்குவாரா என்பது. இந்த ஐந்தாவது பத்து ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு கனமாக இல்லை. 2018 முதல், ஒரு வீரர் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் தகுதி ஆண்டு ஒன்றை (பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளில் ஒன்றை) இழக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம். 2021 முதல், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற தடை முதல் மாற்றத்துக்கு நீங்கியது. 2024இல் அடுத்தடுத்த மாற்றங்களுக்கும் நீங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது.

| அளவுகோல் | ஒருவரே | வேலைப் பிரிவு | சுழற்சி |
|---|---|---|---|
| பயிற்சி நேரம் | முழுவதும் ஒருவருக்கு | பெரும்பங்கு ஒருவருக்கு, மிச்சம் மற்றவருக்கு | பாதிப் பாதி |
| கைப்பழக்கம் | உறுதி | பெரும்பாலும் உறுதி | ஆட்டம் கண்டுவிடும் |
| துப்பு | இல்லை | உண்டு, கவனம் தேவை | குறைவு |
| காயம் வந்தால் | இரண்டாமவர் ஆடிப் பழகாதவராக இருப்பார் | அரைகுறைத் தயார் | இருவரும் ஆடிப் பழகியவர்கள் |
| இரண்டாமவர் தங்குவாரா | ஐயம் | வாய்ப்பு அதிகம் | அப்போதைக்குத் தங்குவார் |

## ஒருவரிடமே ஒப்படைப்பது

பெரும்பாலான அணிகளின் வழி இதுதான். பெரும்பாலான நேரங்களில் சரியான வழியும் இதுவே. ஆனால் இதற்கும் விலை உண்டு. 2018இல் கிளெம்சன் அந்த விலையைக் கொடுத்த விதம் மறக்க முடியாதது.

முந்தைய ஆண்டு முழுக்க அணியை நடத்திய கெல்லி பிரையன்ட்டும், புதிதாக வந்த ட்ரெவர் லாரன்ஸும் முதல் நான்கு ஆட்டங்களில் மாறி மாறி ஆடினார்கள். நான்காவது ஆட்டம் முடிந்ததும் லாரன்ஸ்தான் இனி முதல் ஆள் என்று அறிவித்தார்கள். நான்கு ஆட்டக் கணக்கு கையில் இருந்த பிரையன்ட் இரண்டு நாளில் அணியை விட்டு வெளியேறினார். அதே சனிக்கிழமை, சிரக்யூஸோடு நடந்த ஆட்டத்தின் முதல் பாதியிலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியே வந்தார். ஒரு வாரத்துக்கு முன் மூன்றாம் இடத்தில் இருந்த சேஸ் பிரைஸ் களமிறங்கினார். கடைசிப் பகுதியில் 10 புள்ளி பின்தங்கியிருந்த அணி, 94 யார்டு தூரத்தை அங்குலம் அங்குலமாகக் கடந்து 27–23 என்று தப்பியது. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நடுவில் நான்காவது முயற்சியில் 6 யார்டு தேவைப்பட்ட ஓர் எறிதல் இருந்தது. பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டீ ஹிக்கின்ஸ் கைக்கு அது போகாதிருந்தால், 15–0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) என்று முடிந்த அந்தப் பருவமே வேறாகியிருக்கும்.

அதே ஆண்டு அலபாமாவில் இதன் மறுபக்கம் நடந்தது. 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதியாட்டத்தில் 0–13 என்று பின்தங்கியிருந்தபோது, இடைவேளையில் ஹர்ட்ஸை உட்கார வைத்து டாகோவைலோவாவை இறக்கினார் பயிற்சியாளர் நிக் சேபன். 26–23 என்று வென்றார். அடுத்த பருவத்தில் டாகோவைலோவாவே முதல் ஆள். இரண்டு ஆண்டு அணியை நடத்திய ஹர்ட்ஸ் வெளியேறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இருந்தார். டிசம்பர் 1 அன்று, அதே அட்லாண்டா அரங்கில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டாகோவைலோவா காயப்பட்டு வெளியேற, 21–28 என்ற நிலையில் உள்ளே வந்தார். ஓர் எறிதலில் சமன் செய்தார். பிறகு தானே 15 யார்டு ஓடி வெற்றியை எடுத்தார். 35–28.

ஒருவரை நம்பும் அணிக்கு உண்மையான காப்பீடு இதுதான்: ஒப்புக்கொண்டு தங்குகிற இரண்டாம் ஆள். இன்றைய விதிகளில் அது ஆண்டுதோறும் அரிதாகிக்கொண்டே வருகிறது. ஹர்ட்ஸும் அந்தப் பருவம் முடிந்ததும் ஓக்லஹோமா போய்விட்டார்.

இன்னொரு மறைவிலை பிடிவாதம். 2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் அலபாமாவோடு இறுதியாட்டம் ஆடிய எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி அதுவரை 13–0. பருவத்தின் முற்பகுதியை ஜாரட் லீ நடத்தியிருந்தார். பிறகு ஜோர்டன் ஜெஃபர்சன் கைக்கு அணி வந்தது. அன்று ஜெஃபர்சனுக்கு எதுவும் கூடவில்லை. அணி எடுத்த மொத்தத் தூரம் 92 யார்டு. மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. லீ கடைசி வரை கோட்டோரத்தில் நின்றுகொண்டே இருந்தார். 0–21. அந்த ஆட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறாது. ஒருவரை நம்புவது என்றால், கை கொடுக்காத நாளிலும் அவரையே கட்டிக்கொண்டு மூழ்குவது என்று பொருளில்லை.

## வேலையைப் பிரித்துக் கொடுப்பது

இரண்டு குவாட்டர்பேக் வழிகளில் என் வாக்கு இதற்குத்தான். இதன் உச்சம் 2006 ஃப்ளோரிடா.

கடைசி ஆண்டு மாணவரான கிறிஸ் லீக் கணக்காக எறிபவர், ஓட்டத்தில் விருப்பமில்லாதவர். முதல் ஆண்டு மாணவரான டிம் டீபோ, பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் உடம்போடு வந்த குவாட்டர்பேக். பயிற்சியாளர் அர்பன் மேயர் இருவருக்கும் போட்டி வைக்கவில்லை. அணி லீக்குடையது. ஒன்றிரண்டு யார்டு தேவைப்படும் இடங்களிலும் எல்லைக்கோட்டருகிலும் டீபோ வருவார். அவர் உள்ளே ஓடி வந்தாலே அரங்கம் எழுந்து நின்று கத்தும். எதிரணி கூடி நெருங்கி நிற்கும். டீபோ வந்தால் முட்டல்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபர் 7 அன்று எல்.எஸ்.யூ. அணிக்கு எதிராக, கோட்டிலிருந்து ஒரு யார்டு தூரத்தில், டீபோ வழக்கம்போலப் பந்தை வாங்கி முன்னே இரண்டடி வைத்தார். மொத்தத் தடுப்பும் அவர்மேல் சாய்ந்தது. அவர் நின்ற இடத்திலேயே குதித்து, உயரத்திலிருந்து பந்தை இடக்கையால் மெல்ல உதிர்த்துவிட்டார். பின்னால் தனியாக நின்ற டேட் கேஸி பிடித்துக்கொண்டார். டச் டவுன். துப்பையே தூண்டிலாக மாற்றிய கணம் அது. அதன்பின் டீபோவுக்கு எதிராகக் கண்ணை மூடிக்கொண்டு முன்னே பாய எந்த அணிக்கும் துணிவு வரவில்லை. 2007 ஜனவரி 8 அன்று ஒஹையோ ஸ்டேட்டை 41–14 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தபோது, லீக் 36 எறிதல்களில் 25ஐச் சேர்த்திருந்தார். டீபோ ஒரு டச் டவுன் ஓடி, ஒன்று எறிந்திருந்தார்.

துப்பை மறைக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன அதே 2018 டிசம்பர் ஆட்டத்துக்குத் திரும்புவோம். 28–28. ஜார்ஜியாவுக்கு நடுக்கோட்டருகில் நான்காவது முயற்சி, 11 யார்டு வேண்டும். எல்லாரும் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுகிற இடம். உதைக்கும் அணியோடு சேர்ந்து ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் களத்துக்குள் வந்தார். ஓடுவதற்காக அந்தப் பருவம் முழுக்க அவ்வப்போது இறக்கப்பட்ட இளம் குவாட்டர்பேக். உதைக்கும் அணியில் அவருக்கு என்ன வேலை? அலபாமா தன் வழக்கமான தடுப்பு ஆட்களைக் களத்திலேயே வைத்திருந்தது. பந்து ஃபீல்ட்ஸிடம் போனது, ஓடினார், இரண்டு யார்டுக்குள் மடக்கினார்கள். அங்கிருந்துதான் ஹர்ட்ஸ் வெற்றிக்கான ஓட்டத்தைத் தொடங்கினார். ஃபீல்ட்ஸ் அந்தப் பருவத்தோடு ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறி அங்கே பெரும் வீரரானார். அவ்வளவு திறமையை ஓர் அடையாள அட்டையாக மட்டும் பயன்படுத்தியதைத்தான் நான் குறை சொல்வேன். வருவதற்கான காரணம் ஒன்றே ஒன்று என்றால், வருகையே செய்தியாகிவிடும்.

இதற்கு நான் பார்த்த மிக நல்ல மருந்து 2012 நார்த்வெஸ்டர்ன். ட்ரெவர் சீமியன் எறிவார். கெயின் கோல்ட்டர் ஓடுவார். ஆனால் சீமியன் பந்தை எடுக்கும்போதும் கோல்ட்டர் பல நேரம் களத்திலேயே ரிசீவராக நிற்பார். யார் உள்ளே வருகிறார் என்று பார்த்துத் திட்டத்தை ஊகிக்க எதிரணிக்கு வழியில்லை. பெரிய பணமோ பெரிய பெயரோ இல்லாத அந்த அணி 10–3 என்று முடித்தது. ஆண்டிறுதிக் கோப்பை ஆட்டமொன்றில் 1949க்குப் பிறகு முதன்முறையாக வென்றது.

இன்னும் இரண்டு மறைவிலைகள். தாக்கும் அணி ஆளை மாற்றினால் எதிரணியும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் தருவார். பந்தின்மேல் நின்றுகொண்டு விடமாட்டார். ஆகவே மூச்சுவிட நேரம் தராமல் வேகமாக ஆடும் அணிக்கு இந்த வழி பொருந்தாது. மற்றது, நன்றாக எறிந்துகொண்டே 75 யார்டு அணியைக் கொண்டுவந்த ஒருவரைக் கடைசி 5 யார்டில் வெளியே அழைப்பது. புகழ் முழுக்க மற்றவருக்குப் போகும். இதை முகம் கோணாமல் தாங்க லீக் போன்ற மனம் வேண்டும். அவரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கவும் வேண்டும்.

## சுழற்சி

ஒரே வேலையை இருவர் முறைபோட்டுச் செய்வது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

1999 மிச்சிகனில் பயிற்சியாளர் லாயிட் கார் முதல் ஏழு ஆட்டங்களுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்: முதல் கால் பகுதி டாம் பிரேடிக்கு, இரண்டாவது ட்ரூ ஹென்சனுக்கு, இடைவேளையில் பார்த்து மீதியை ஒருவருக்கு. முதல் ஐந்தும் வெற்றி. ஆறாவதாக மிச்சிகன் ஸ்டேட். இரண்டாம் பாதி ஹென்சனுக்குப் போனது. 17 புள்ளி பின்தங்கிய பிறகு பிரேடியைத் திரும்ப அழைத்தார்கள். கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தார். ஆனாலும் அணி 31–34 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு சுழற்சி நின்றது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராகப் பிரேடி 369 யார்டு எறிந்து 35–34 என்று வென்றுகொடுத்தார். பதில் ஆகஸ்டிலிருந்தே அணிக்குள் இருந்தது.

2015 ஒஹையோ ஸ்டேட்டுக்கும் இதே தலைவலி. கார்டேல் ஜோன்ஸ், ஜே.டி. பாரட் இருவரும் முந்தைய ஆண்டுக் கோப்பைக்கு உழைத்தவர்கள். ஒருவரைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. 12–1 என்று முடித்தார்கள். அந்த ஒரு தோல்வி, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 14–17, கோப்பை வாய்ப்பைப் பறித்தது. அவ்வளவு திறமை நிறைந்த ஓர் அணி கடைசி வரை தாளம் பிடிக்காமலே ஆடியது.

வென்ற சுழற்சியே இல்லையா? உண்டு. 1997 நவம்பரில், அதுவரை தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக, ஃப்ளோரிடா பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர் டக் ஜான்சனையும் நோவா பிரிண்டைஸையும் ஆட்டத்துக்கு ஆட்டம் இல்லை, பந்துக்குப் பந்து மாற்றினார். ஒருவர் களத்தில் இருக்கும்போது மற்றவர் ஸ்பரியரின் பக்கத்தில் நின்று அடுத்த திட்டத்தைக் காதாரக் கேட்டுக்கொண்டு ஓடுவார். 25–29 என்று பின்தங்கியிருந்தபோது ஜான்சன் எறிந்த பந்தை ஜாக்கெஸ் கிரீன் பிடித்ததில் 60 யார்டுக்கும் மேல் கிடைத்தது. சற்று நேரத்தில் ஃப்ரெட் டெய்லர் ஓடி முடித்தார். 32–29. அந்தச் சுழற்சிக்கு ஒரு தெளிவான பயன் இருந்தது: ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் தன் குவாட்டர்பேக்கோடு நேருக்கு நேர் பேச முடிந்தது. 2024 முதல் மேல்மட்ட அணிகளில் களத்திலுள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள்ளேயே பயிற்சியாளரின் குரல் போகிறது. கடிகாரம் 15 விநாடிக்கு வரும்வரை பேசலாம். ஸ்பரியரின் காரணம் இன்று இல்லை.

சுழற்சியின் கைப்பழக்கச் சிக்கலுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2021 அக்டோபர் 30, மீண்டும் மிச்சிகன், மீண்டும் மிச்சிகன் ஸ்டேட். கேட் மெக்நமாராதான் முதல் ஆள், இளையவர் ஜே.ஜே. மெக்கார்த்தி இடையிடையே வருவார். கடைசிக் கால் பகுதியில் மெக்கார்த்தி, ரன்னிங் பேக் பிளேக் கோரமின் வயிற்றருகே பந்தை நீட்டினார். கொடுப்பதா, இழுத்துக்கொள்வதா என்பது அரை விநாடியில் இரு கைகளுக்கிடையே முடிவாகும் காரியம். நூறு முறை சேர்ந்து பழகியவர்களுக்கு அது தானாக நடக்கும். அன்று பந்து இருவர் கையிலும் நிற்காமல் புல்லில் விழுந்தது. எதிரணி அதைக் கைப்பற்றி, தன் முறையில் டச் டவுன் எடுத்து, 37–33 என்று வென்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

## உங்கள் அணிக்கு எது?

குவாட்டர்பேக்கே இல்லாத நான்காவது வழியும் ஒன்று உண்டு. 2006, 2007இல் ஆர்கன்சா, ரன்னிங் பேக் டேரன் மெக்ஃபாடனிடமே பந்தை நேராக அனுப்பியது. அப்படி ஓர் ஆள் கையில் இருந்தால், குறுகிய தூரத்துக்காக மட்டும் இரண்டாவது குவாட்டர்பேக்கைத் தேட வேண்டாம்.

ஒருவர் எறிபவர், மற்றவர் ஓடுபவர் என்றால் தயங்காமல் வேலையைப் பிரிக்கலாம். ஓடுபவருக்கு வாரத்துக்கு இரண்டு எறிதல் திட்டமாவது கற்றுக்கொடுத்து, அதை ஆட்டத்தில் காட்டவும் வேண்டும்.

இருவரும் ஒரே மாதிரி ஆடுபவர்கள் என்றால் முதல் இரண்டு மூன்று எளிய ஆட்டங்களில் பார்த்துவிட்டு, தன் குழுவிலுள்ள அணிகளோடு ஆடும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு முன் முடிவெடுத்தாக வேண்டும். அதில் ஒருவர் வெளியேறக்கூடும். கிளெம்சனுக்கு நேர்ந்ததுபோல மூன்றாமவர் ஆட நேரலாம். ஆகவே மூன்றாமவருக்கும் அந்த வாரம் முதலே பயிற்சி கொடுக்க வேண்டும். முதல் ஆள் காயத்திலிருந்து திரும்புகிறார் என்றால் மட்டும், முன்கூட்டியே நாள் குறித்த ஒரு சிறு சுழற்சியை நான் ஏற்பேன்.

உங்கள் பயிற்சியாளர் எந்த வழியில் இருக்கிறார் என்று அவர் பேட்டியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அரங்குக்குப் போய்விடுங்கள். முதல் அணியின் சென்டர் (குவாட்டர்பேக்குக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) யாருக்குப் பந்தைக் கொடுத்துப் பழகுகிறார், மற்றவர் யாரோடு நின்று எறிகிறார் என்று பாருங்கள். அந்தச் சென்டர் கடைசி வரை ஒருவரோடு மட்டுமே நின்றால் முடிவு எடுத்தாகிவிட்டது. இருவருக்கும் மாறி மாறிப் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அன்றைய ஆட்டத்தில் பந்து கை மாறும் ஒவ்வொரு முறையும் கவனமாகப் பாருங்கள்.